சின்னமுத்து வந்த நவநாள்

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு சித்திரை மாதத்தில் என் மகள் டிலானியின் கண்ணிமைகள் வீங்கத் தொடங்கின. அப்போது அவளுக்கு நாலு வயது. நுளம்பு கடித்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கிழமைக்குள் முகம், கால், வயிறு எல்லாம் வீங்கிவிட்டன. போட்ட சட்டை ஒன்றும் கொள்ளவில்லை. பாதத்தை விரலால் அமத்தினால் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் மேலே எழும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். சில நேரம் அது வரவே வராது.

நாங்கள் கரையோர ஊரிலிருந்து தொண்ணூறில் சண்டையால் இடம்பெயர்ந்து வந்தவர்கள். கோப்பாயில் தங்கரத்தினம் அக்கா என்ற தோட்டக்கார அம்மாவின் வளவில், பின்பக்கத்து அறை ஒன்றில் இருந்தோம். அவர்கள் சைவ ஆட்கள். வாடகை என்று எதுவும் கேட்கவில்லை. இவர், என் கணவர், கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தார். நான் உயர்தரம் விஞ்ஞானத்தில் படித்தவள். கலியாணத்துக்கு முதல் இரண்டு வருடம் தொண்டர் ஆசிரியையாகவும் இருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு விளங்காத வருத்தம் இல்லை இது. விளங்கியதால்தான் கூடப் பயந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார், சிறுநீரகம் புரதத்தைப் பிடித்து வைத்திருக்காமல் வெளியே விடுகிறது என்று. குளிசை தந்தார். உப்பில்லாச் சாப்பாடு கொடுக்கச் சொன்னார். காலையில் பிள்ளையின் சிறுநீரைச் சோதனைக்குழாயில் எடுத்து, விளக்கில் சூடாக்கி, ஒரு சொட்டு வினாகிரி விட்டுப் பார்க்கச் சொல்லித் தந்தார். புரதம் போனால் முட்டை வெள்ளைக்கரு மாதிரித் திரளும். திரளாமல் தண்ணீராக நின்றால் நல்லது. ஒவ்வொரு நாளும் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும்.

எட்டுக் கிழமை எழுதினேன். எட்டுக் கிழமையும் திரண்டது.

மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். ஜாம் போத்தல் விளக்கைச் சோதனைக்காக மட்டும் கொளுத்துவேன். குழாயின் மேற்பக்கம் வெள்ளையாகும். கொப்பியில் எழுதுவேன். பிறகு விளக்கை நூர்த்துவிட்டு, உப்பில்லாத கஞ்சியைக் காய்ச்சி, அழுகிற பிள்ளைக்குப் பருக்குவேன். அதற்குப் பிறகு தண்ணீர் அள்ள வேண்டும். விறகு பொறுக்க வேண்டும். நிவாரணத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும். அந்த நாட்களில் நான் அழவில்லை. அழுவதற்கும் தென்பு வேண்டுமே.

ஆனி முடிவில் டொக்டர் குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். "அநேகமான பிள்ளையளுக்கு உது கேக்கும் அம்மா. இவவுக்குக் கேக்கேல்லை. சும்மா குடுத்தால் வேறை கெடுதி வரும். கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சிறுநீரகத்திலை துணுக்கு எடுத்துப் பாக்க வேணும்" என்றார். கொழும்புக்குப் போவதென்றால் பயணப் பாஸ் எடுத்து, கிளாலிக் கடலைத் தோணியில் கடக்க வேண்டும். கடலில் கடற்படை தோணிகளைச் சுடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். வீங்கிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் அந்தத் தோணியில் இருப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பாஸுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

இந்த நேரத்தில்தான் மச்சாள், இவரின் மூத்த சகோதரி, நவநாள் வைக்கச் சொன்னா. எங்கள் ஊரிலிருந்து உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்த மாதா சுரூபத்தை, அகதி முகாமுக்குப் பக்கத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் வைத்திருந்தோம். அதுதான் எங்கள் கோவில். மச்சாள் கலியாணம் செய்யாதவ. முகாமிலேயே இருந்துகொண்டு அந்தக் கொட்டிலைக் கூட்டி, விளக்கேற்றி, செபமாலை சொல்லுவிப்பா. ஆடி நடுப்பகுதியில் நவநாளைத் தொடங்கினேன். அழகாகச் செபிக்க எனக்கு வரவில்லை. "தாயே, நான் களைச்சுப் போனேன். இந்தப் பிள்ளையை எனக்கு விடு." ஒன்பது நாளும் இதுதான் என் செபம்.

முதல் நாளே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. இருமல். கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முனகினாள். நாலாம் நாள் காதுக்குப் பின்னால் சிவப்புப் பொட்டுகள் தொடங்கி உடம்பெல்லாம் போட்டன. தங்கரத்தினம் அக்கா வந்து பார்த்தா.

"பிள்ளை, இது சின்னமுத்து. அம்மாள் வந்திருக்கிறா. ஆஸ்பத்திரி, குளிசை எண்டு வெளிக்கிட்டிடாதை. அவவுக்குக் கோவம் வரும்."

"நாங்கள் வேதக்காரர் அக்கா" என்றேன்.

"அம்மாளுக்கு அது தெரியும். தெரிஞ்சுதானே வந்தவ. என்ரை வளவுக்குள்ளை வந்தா நான்தான் பாக்க வேணும்."

வாசலில் வேப்பிலை செருகினா. பிள்ளையின் படுக்கையைச் சுற்றியும் வேப்பிலை போட்டா. இளநீர் கொடுத்தா. அம்மன் கோவிலுக்குப் போய்ப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பாலும் வார்த்துவிட்டு வந்தா. நான் தடுக்கவில்லை. எனக்கு அப்போது யார் உதவி செய்தாலும் போதும் போலிருந்தது. ஆனாலும் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. மாதாவிடம் நவநாளை வைத்துவிட்டு வாசலில் வேப்பிலையும் செருகி வைத்திருக்கிறேனே என்று.

ஆறாம் நாள் மச்சாள் கோவில் விளக்கு எண்ணெயோடு வருகிறா என்று இவர் ஓடிவந்து சொன்னார். நான் வேப்பிலை எல்லாவற்றையும் பிடுங்கிப் பாய்க்குக் கீழே தள்ளினேன். யன்னலைச் சாத்தினேன். "இப்பதான் கண்ணயர்ந்தவள் மச்சாள், காய்ச்சல்" என்று வாசலிலேயே மறித்து எண்ணெயை வாங்கினேன். அவ போன பிறகு வேப்பிலையைத் திரும்பச் செருகினேன். கொப்பியில் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதினேன். சின்னமுத்து என்றோ தட்டம்மை என்றோ எழுதவில்லை.

ஏழாம் நாள் பிள்ளை நிறையச் சிறுநீர் கழிக்கத் தொடங்கினாள். எட்டாம் நாள் முகத்தில் பழைய முகம் தெரிந்தது. ஒன்பதாம் நாள் காலை குழாயைச் சூடாக்கினேன். வினாகிரி விட்டேன். திரளவில்லை. விளக்கு புகைக்கிறதாக்கும், சூடு காணாதாக்கும் என்று திரும்பச் சூடாக்கினேன். குழாயில் கொதிக்கிற தண்ணீர்தான் நின்றது. அன்றைக்குத்தான் தங்கரத்தினம் அக்கா வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைப் பிள்ளைக்கு வார்த்தா. பின்னேரம் நான் நவநாளின் கடைசிச் செபத்தைச் சொன்னேன்.

"எங்கடை அம்மாளும் உங்கடை மாதாவும் இருந்து கதைச்சுத்தான் முடிவெடுத்திருப்பினம்" என்று அக்கா சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மச்சாளுக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஒரே நாளில் முகாம் முழுவதும் தெரிந்துவிட்டது. குளிசையை நிறுத்தின பிள்ளை, டொக்டர் கைவிட்ட பிள்ளை, மாதா ஒன்பதாம் நாள் சுகமாக்கினா. ஆவணித் திருநாளில் நான் எழும்பிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று முடிவாகியும் விட்டது. பங்குத்தந்தை எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். கொட்டிலுக்கு வெளியே மர வாங்கில் இருந்தோம்.

"பாதர், இது அற்புதம் இல்லையெண்டால் வேறை எது அற்புதம்? டொக்டர் கைவிட்ட பிள்ளை" என்றா மச்சாள்.

"கைவிடேல்லையே. கொழும்புக்குப் போகச் சொன்னவர்."

"இந்தக் காலத்திலை கொழும்புக்குப் போகச் சொல்லுறதும் கைவிடுறதும் ஒண்டுதான் பாதர்."

பாதர் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார், "சுகம் கிடைச்சதுக்கு நன்றி சொல்லுறதெண்டால் ஒரு விசாரணையும் வேண்டாம். இண்டைக்கே பூசை வைப்பம். ஆனால் அற்புதம் எண்டு சனத்துக்கு முன்னாலை சொல்லுறதெண்டால் திருச்சபை கனக்கக் கேக்கும். வருத்தம் உண்மையா இருந்ததோ, முழுக்கச் சுகமோ, சுகம் நிலைச்சு நிக்குதோ, இயற்கையாச் சொல்லக்கூடிய வேறை காரணம் இல்லையோ எண்டு. நான் கேக்காட்டிலும் பேந்து ஆரும் கேப்பினம்."

இவர் குறுக்கே விழுந்தார். "அக்கா, மாதாவே எங்களோடை அகதியா வந்தவ. அவவுக்கு நிவாரண அட்டைகூட இல்லை. அவவை ஏன் இப்ப சோதினைக்கு இருத்துறியள்?"

"நீ வாயைக் கழுவிப்போட்டு வா" என்றா மச்சாள்.

பாதர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அந்த ஒன்பது நாளிலை வேறை ஏதும் நடந்ததோ? வேறை மருந்து, வேறை வருத்தம்?"

"இல்லை பாதர்" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வேப்பிலைக்கு வெட்கப்பட்டேன். மச்சாளுக்குப் பயந்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், அது அற்புதமாக இருக்க வேண்டும் என்று எனக்கே ஆசை. மூன்று வருடமாக எல்லா வரிசையிலும் கடைசியில் நின்றவள் நான். ஒரு தடவையாவது கடவுள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

ஆவணி முதற்கிழமை கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் பிள்ளையைக் கவனமாகப் பார்த்தார், சிறுநீரைச் சோதிப்பித்தார், கொப்பியை முன்னும் பின்னும் புரட்டினார்.

"நல்லா இருக்கிறா. இந்தக் காய்ச்சல் எண்டு எழுதியிருக்கிறது என்ன காய்ச்சல்? சின்னமுத்து ஏதும் வந்ததோ?"

கொப்பியில் இல்லாததை அவர் கேட்டுவிட்டார். "ஓம் டொக்டர்" என்றேன்.

"அப்ப அதுதான். சில பிள்ளையளுக்குச் சின்னமுத்து வந்தால் இந்த வீக்கம் வடியும். நாங்கள் புத்தகத்திலை படிச்சது. ஏன் எண்டு சரியா ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அதை நம்பேலாது அம்மா. இப்பிடியான பிள்ளைக்குச் சின்னமுத்து வந்தால் சாகிறதுதான் கூட. இவ தப்பினது பெரிய காரியம். திரும்பவும் வரலாம். கண் கொஞ்சம் வீங்கினாலும் உடனை கொண்டு வாங்கோ."

சைக்கிளில் திரும்பி வரும்போது இவர் கேட்டார், "அப்ப உம்மடை சாட்சியிலை இதையும் சொல்லப் போறீரோ?"

என் பயம் வேறு. நான் 'அற்புதம் இல்லை' என்று வாயால் சொல்லிவிட்டால், தந்தவ திரும்ப எடுத்துவிடுவாவோ? படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்பீர்கள். பிள்ளையின் பாதத்தில் விழுந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் எதையும் நினைப்பாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் நட்டமில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். ஒவ்வொரு காலையும் குழாயைச் சூடாக்கினேன். ஒவ்வொரு காலையும் தெளிவாகத்தான் இருந்தது. என் மனம் மட்டும் தெளியவில்லை.

திருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, தண்ணீர் அள்ளுகிற இடத்தில் ரெஜினாவைச் சந்தித்தேன். முகாமில் இருந்தவள், என்னைவிட இரண்டு வயது இளையவள். அவளுடைய மகள் ஜெனிக்கு வலிப்பு வருத்தம். வாளியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நானும் நவநாள் தொடங்கியிட்டன். இண்டைக்கு மூண்டாம் நாள். உங்களைப் போலை குளிசையையும் நிப்பாட்டியிட்டன்."

"எந்தக் குளிசையை?"

"ஜெனியின்ரை வலிப்புக் குளிசையை. குளிசையும் குடுத்துக்கொண்டு கேட்டால் அது நம்பிக்கையில்லாத செபம் எண்டு பெரியக்கா சொன்னவ." பெரியக்கா என்று அவர்கள் சொல்வது என் மச்சாளை.

"குளிசை எங்கை?"

"மாதாவின்ரை காலடியிலை வைச்சிட்டன்."

அவளை இழுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். சுரூபத்தின் காலடியில் வாடின பூக்களுக்கு நடுவே குளிசைப் பை இருந்தது. அதை எடுக்கக் கை நீட்டினேன். அந்த இடத்தில், மாதாவின் முகத்துக்கு முன்னால், நான் ரெஜினாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பிள்ளைக்குக் குளிசை கேட்காததால் டொக்டர்தான் நிறுத்தினார், நான் நிறுத்தவில்லை என்று. சின்னமுத்து வந்தது என்று. வேப்பிலையை ஒளித்தேன் என்று. பாதருக்குப் பொய் சொன்னேன் என்று.

ரெஜினா குளிசைப் பையைத் தானே எடுத்தாள். பிறகு, "அப்ப எனக்கேன் அக்கா முதலே சொல்லேல்லை?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். ஜெனி வெளியே மணலில் விளையாடிக்கொண்டிருந்தாள். மூன்று நாளும் அவளுக்கு வலிப்பு வரவில்லை. நான் இன்றுவரை கடவுளுக்குக் கூடுதலாக நன்றி சொல்வது அந்த மூன்று நாட்களுக்காகத்தான். அப்போதே தண்ணீர் எடுத்துக் குளிசையைப் பருக்கினோம். மறுநாள் இருவரும் பிள்ளையோடு கிளினிக்குக்கு நடந்தோம்.

அன்று பின்னேரம் பாதரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "திருநாளிலை நீங்கள் சொல்லாமலும் விடலாம், பிள்ளை. நான் சமாளிப்பன்" என்றார். அந்த வழி எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ரெஜினாவைப் போல இன்னும் எத்தனை பேர் குளிசையைக் கொண்டுவந்து வைக்கப்போகிறார்கள் என்று தெரியாது. "சொல்லுறன் பாதர்" என்றேன்.

திருநாள் பூசையில் நற்கருணைக்குப் பிறகு எழும்பினேன். கொட்டில் கொள்ளாமல் வெளியே வெயிலில் எல்லாம் சனம். நடந்ததை நடந்த ஒழுங்கில் சொன்னேன். சின்னமுத்தையும் சொன்னேன். டொக்டர் சொன்னதையும் சொன்னேன். "என் செபம் கேட்கப்பட்டது என்று நம்புகிறேன். எப்படிக் கேட்கப்பட்டது என்று எனக்குத் தெரியாது. தயவுசெய்து ஒருவரும் மருந்தை நிறுத்தாதீர்கள்" என்று முடித்தேன். யாரும் கை தட்டவில்லை. பின்னாலிருந்து ஒரு கிழவர், "அப்ப அற்புதம் இல்லையோ?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது எனக்குக் கேட்டது. அந்தச் சனங்கள் வீடு, கடல், கோவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களிடம் இருந்த ஒன்றையும் நான் பறித்துவிட்டேனோ என்று நெஞ்சு வலித்தது.

மச்சாள் வாசலில் நின்றா. "மாதாவை மறுதலிச்சுப்போட்டாய். இனிப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் என்னட்டை வராதை."

நான் பயந்தது அவவின் வாயாலேயே வந்துவிட்டது. மறுநாள் காலை அவசரத்தில் குழாயில் இருந்ததில் அரைவாசியைக் கொட்டிவிட்டேன். மிச்சம் தெளிவாக இருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை எல்லாம் அப்படித்தான் போயின.

மார்கழியில் பிள்ளைக்குச் சளித் தடிமன் பிடித்தது. ஒரு காலை கண்ணிமை வீங்கியிருந்தது. குழாய் வெள்ளையாகத் திரண்டது.

மச்சாள் சொன்னது நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். முழங்காலில் விழுந்தேன். செபம் வரவில்லை. பேசாமல் எழும்பிப் பிள்ளைக்குச் சட்டையைப் போட்டேன். இவர் சைக்கிளை எடுத்தார். அன்றே ஆஸ்பத்திரியில் இருந்தோம். நல்ல காலத்துக்கு அந்த முறை குளிசை கையிருப்பில் இருந்தது. டொக்டர் திரும்பத் தொடங்கிப் பார்த்தார். பன்னிரண்டாம் நாள் சிறுநீர் தெளிந்தது. முதல் தடவை கேட்காத அதே குளிசை, இந்தத் தடவை கேட்டது. ஏன் என்று டொக்டரைக் கேட்டேன். "சில நேரம் அப்பிடித்தான் அம்மா. ஆனால் நீங்கள் இன்னும் ஒரு கிழமை வைச்சிருந்தால் வயித்துத் தண்ணியிலை கிருமி தொத்தியிருக்கும். பேந்து நான் ஒண்டும் செய்திருக்கேலாது" என்றார்.

வார்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அதை யோசித்தேன். திருநாளில் நான் எழும்பி 'அற்புதம்' என்று சொல்லியிருந்தால், மார்கழியில் வீங்கின பிள்ளையைச் சனத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேனா? மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். மாதாவின் பெயர் கெட்டுவிடும் என்று யன்னலைச் சாத்தியிருப்பேன். ஒரு கிழமை பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்திருப்பேன். அந்த ஒரு கிழமையில் என் பிள்ளை போயிருப்பாள். உண்மையைச் சொன்னால் பிள்ளையை எடுத்துவிடுவா என்று பயந்தேன். அந்த உண்மையால்தான் பிள்ளை எனக்கு மிஞ்சினாள்.

வார்டுக்கு வந்த நாலாம் நாளே மச்சாள் ஆஸ்பத்திரிக்கு வந்தா. கோப்பாய் முகாமிலிருந்து நடந்தே வந்திருக்கிறா. கையில் தூக்குச்சட்டி. எனக்கு உப்புப் போட்டும், பிள்ளைக்கு உப்பில்லாமலும் இரண்டு கஞ்சி. கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்து செபமாலையை எடுத்தா. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்டும் கதைக்காதை. அற்புதமோ இல்லையோ, முதல் கஞ்சியைக் குடி" என்றா.

இப்போது தொண்ணூற்றைந்து வைகாசி. டிலானி ஆறு வயதாகிப் பள்ளிக்கூடம் போகிறாள். கடைசியாகக் குளிசை எடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இனி வராது என்று டொக்டர் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். முன்பு நாளுக்கு நாள் சூடாக்கின குழாயை இப்போது கிழமைக்கு ஒரு தடவைதான் எடுக்கிறேன். மிச்ச ஆறு நாளையும் கடவுளிடம் விட்டுவிடப் பழகிவிட்டேன். அதுவே எனக்குப் பெரிய மாற்றம். ரெஜினாவும் நானும் மாதம் ஒருமுறை சேர்ந்து கிளினிக்குக்குப் போகிறோம். போகிற வழியில் செபமாலை சொல்கிறோம். ஜெனிக்குக் குளிசையோடு வலிப்பு அடங்கியிருக்கிறது.

இன்னமும் சிலர் என்னை மறித்துக் கேட்கிறார்கள், "அது அற்புதமோ, இல்லையோ?" என்று. அதைத் தீர்ப்பதற்குத் திருச்சபையில் பெரியவர்கள் இருக்கிறார்கள், என்னால் முடியாது. என்னைக் கேட்டால், "இந்தப் பிள்ளையை எனக்கு விடு" என்று கேட்டேன், கடவுள் விட்டிருக்கிறார், அதற்கு ஒவ்வொரு நாளும் நன்றி சொல்கிறேன் என்பேன்.

இதை வாசிக்கிற தாய்மாரே, வருத்தமான பிள்ளையை வைத்துக்கொண்டு செபிக்கவும் தென்பில்லாமல் இருக்கிறீர்கள் என்றால், எனக்கு அது தெரியும். களைப்பாக இருக்கிறது என்பதையே செபமாகச் சொல்லுங்கள். அவர் கேட்பார். சொல்லிவிட்டு எழும்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, விடிய முதல் கிளினிக் வரிசைக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமென்றால் கோப்பாயில் எங்கள் வளவுக்கு வாருங்கள். நானும் கூட வருகிறேன்.